சிந்தனைக்கு வாரம் பதினைந்து பீரியட்

என் தம்பி மனைவி பிறந்தது காலை எட்டு மணி நாற்பது நிமிடத்துக்கு என்று அவள் அம்மா சொல்வார். நான் அதைச் சற்றுத் திருத்தி, பிறந்ததும் அழாமல், தூக்கிய நர்ஸின் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள் என்று சொல்வது வழக்கம். என் மாடி வீட்டுக்குள் பாம்பு வந்த கதையைப் போலவே இதையும் எத்தனை பேரிடம் சொன்னேனோ தெரியாது, கடைசியில் அவள் அம்மாவே என் கதையைத்தான் சொல்ல ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். ஆனால் அங்கே யாரும் அவளை அப்படிச் சொல்வதில்லை. ‘டைம்டேபிள்’ என்றால்தான் தெரியும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வகுப்பு, வகுப்புக்கு நாலு செக்‌ஷன், ஆக இருபத்தெட்டு. வாரத்துக்கு நாற்பது பீரியட். ஆயிரத்து நூற்று இருபது கட்டம். தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சுவரை அடைத்துப் பலகை மாட்டி, அதில் ஆசிரியருக்கு ஒரு நிறமாக நாற்பத்து நான்கு நிறத்தில் அட்டை வெட்டிச் சொருகி வைத்திருந்தாள். உலகத்தில் நாற்பத்து நான்கு நிறம் கிடையாது என்று ஓவிய ஆசிரியர் அடித்துச் சொன்னார். அவள் விடவில்லை. ஊதாவிலேயே ஆறு கண்டுபிடித்தாள்.

ஒரு வருடம் நிர்வாகம் அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துப் பார்த்தது. கம்ப்யூட்டர் ரொம்ப நியாயமானது. புதன்கிழமை ஐந்தாம் பீரியட் இருபத்தெட்டு வகுப்புக்கும் விளையாட்டு என்று போட்டுவிட்டது. ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் மைதானத்தில், நடுவில் ஒரே ஒரு பந்து. பந்து இரண்டு என்று சிலர் சொல்கிறார்கள், நம்பாதீர்கள். மறுநாளே பலகை திரும்பவும் சுவர் ஏறியது.

பலகையைவிடப் பெரியது அவளுடைய சட்டம். வகுப்பு காலியாக இருக்கக் கூடாது. யாராவது லீவு போட்டால், காலையில் கையில் சீட்டுக் கட்டோடு ஆசிரியர் அறைக்கு வருவாள். ‘மூணாவது பீரியட், எட்டு சி, நீங்க.’ அவ்வளவுதான், அப்பீல் கிடையாது. போனவர் ஒரு நோட்டில் என்ன நடத்தினார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பெயர் சப்ஸ்டிடியூஷன் நோட்டு. மகள் பிறந்த அன்று ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, தன் மூன்று மாத லீவுக்கும் யார் யார் எந்த வகுப்புக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனாள். இதில் ஒரு எழுத்துகூட என் சரக்கில்லை. டாக்டர் பேனா கொடுத்ததாகச் சொல்வது மட்டும் நான் சேர்த்தது.

இப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு சோதனை வந்தது. வருட விடுமுறைக்கு முந்தின கடைசி நாளன்று பள்ளிச் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

“டீச்சர், ஹெச்.எம். ரிட்டையர் ஆகறார். அந்த நாற்காலி உங்களுக்குத்தான்னு கமிட்டியில முடிவாயிடுச்சு. உங்களுக்கும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு. என்ன சொல்றீங்க?”

“யோசிச்சுச் சொல்றேன் சார்.”

“யோசிங்க, முப்பத்தஞ்சு நாள் லீவு இருக்கு. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முந்தின திங்கக்கிழமை பத்து மணிக்கு எனக்குப் பதில் வேணும். இல்லேன்னா வெளியிலேருந்து ஆளைக் கூட்டிட்டு வந்துடுவோம்.”

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் நேராக மாடியில் இருக்கும் என் வீட்டுக்கு ஏறி வந்தாள். செருப்பைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்தாள்.

“அண்ணி, ஹெச்.எம். ஆனா கிளாஸ் கிடையாது, பலகையும் வேற யாருக்கோ போயிடும். ஆகலேன்னா இன்னும் ஆறு வருஷம் இதே ஓட்டம். ரெண்டுல எது? அது கூடப் பரவால்ல. ஆறு வருஷம் கழிச்சு ஒருநாள் காலையில எட்டு நாப்பதுக்கு, ஸ்கூல் மணி அடிக்கற நேரத்துக்கு, நான் எங்க போவேன்?”

“சமையலறைக்குப் போ. அங்கேயும் மணி அடிக்குது, குக்கர்ல.”

“விளையாடாதீங்க அண்ணி. நான் இதுவரைக்கும் எனக்குன்னு உக்காந்து யோசிச்சதே இல்ல. இந்த லீவுல அதைச் செய்யப் போறேன். ஒழுங்கா, முறையா.”

அந்த ‘முறையா’ என்ற சொல்லைக் கேட்டபோதே நான் ஊரைவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை கீழ்வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு மூன்று பீரியட், ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து நிமிடம். இடம்: பின் அறை. பாடங்கள்: ‘செய்த வேலை’, ‘செய்யும் வேலை’, ‘வயதான பின்’, ‘நோக்கம்’. வெள்ளிக்கிழமை நோக்கத்துக்கு மட்டும் இரண்டு பீரியட் சேர்த்துப் போட்டிருந்தது.

என் தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். எதையும் எட்டி நின்று ஒரு முறை, கிட்ட வந்து ஒரு முறை படிப்பது அவன் பழக்கம். இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்டான்.

“நோக்கத்துக்கு மட்டும் ஏன் டபுள் பீரியட்?”

“அது பிராக்டிகல். ஒரு பீரியட்ல முடியாது.”

முதல் நாள் பின் அறையில் மேசை, நாற்காலி, ஒரு புது நோட்டு, மணி அடிக்கச் செல்போன் எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் கழித்து அலமாரியை இழுக்கும் சத்தம் கேட்டது. முதல் பீரியட் முடிவில் அலமாரி சுத்தமாகியிருந்தது. இரண்டாவதில் ஜன்னல் கம்பி. மூன்றாவதில், பத்து வருடமாகத் தொலைந்திருந்த பாஸ்போர்ட் கிடைத்தது. நோட்டில் மட்டும் ஒரு வரியும் இல்லை.

இரண்டாம் நாள்தான் அந்தத் தவறு நடந்தது. ‘வயதான பின்’ பாடத்துக்கு அவள் உள்ளே போகும் நேரம் பார்த்துக் குழாய் ரிப்பேர்காரர் வந்துவிட்டார். அவரைத் திருப்பி அனுப்பினால் அடுத்த மாதம்தான் வருவார். பீரியடோ தொடங்கிவிட்டது, பின் அறை காலியாகக் கிடக்கிறது. வேறு யாராயிருந்தாலும் ‘சரி, நாளைக்கு யோசிச்சுக்கலாம்’ என்று விட்டிருப்பார்கள். இவள் இருபத்தேழு வருடத்துச் சட்டத்தை விடுவாளா? ஒரு சீட்டை எழுதிக் கணவன் கையில் திணித்தாள்.

“ரெண்டாவது பீரியட். பின் ரூம். நீங்க.”

“நான் உள்ள போய் என்ன செய்யணும்?”

“எனக்கு வயசான பின்னாடி என்னன்னு யோசிக்கணும். மணி அடிச்சதும் நோட்டுல எழுதிக் கையெழுத்து.”

தம்பி போய் உட்கார்ந்தான், பாவம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் செய்துவருவதும் இதுதான், சொன்ன இடத்தில் உட்காருவது. நோட்டில் முதல் வரி அவன் கையெழுத்தில்தான் விழுந்தது: ‘வயதான பின் கண்ணில் புரை வரும். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் நல்லது. மற்றவை அவள் இஷ்டம்.’

மாலையில் அதை வாசித்தவள் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. யோசித்துக் கிடைத்த திருப்தி இல்லை அது, வகுப்பு காலியாக இல்லை என்ற திருப்தி. அன்றிலிருந்து அவளுக்கு ஒவ்வொரு பீரியடுக்கும் ஏதாவது அவசர வேலை முளைத்தது. பால்காரர், பேங்க், ஃபிரிட்ஜில் ஐஸ் உடைப்பது. ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு.

மகளுக்கு ஒரு சீட்டு வந்தது. பிசியோதெரபி படிக்கிற பெண், விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் எழுதினாள்: ‘பாடம்: நோக்கம். அம்மாவின் வலது குதிகால் தேய்ந்து போயிருக்கிறது. முதலில் நல்ல செருப்பு. நோக்கம் அதற்கு அப்புறம்.’

எனக்கும் ஒன்று வந்தது. நான் அந்த அறையின் காற்றோட்டத்தில் அயர்ந்து தூங்கிவிட்டேன். மணி அடித்து எழுந்ததும் எழுதினேன்: ‘பாடம்: செய்த வேலை. இன்று முன்னுரை மட்டும் நடத்தப்பட்டது. மாணவர்கள் ஆழ்ந்த அமைதி காத்தனர்.’

ஆனால் இந்த ஏற்பாட்டில் உயிரே வந்தது என்றால் அது எங்கள் அம்மாவுக்குத்தான். எண்பத்து மூன்று வயது. அவரை யாரும் எதற்கும் யோசிக்கக் கூப்பிட்டு இருபது வருடம் ஆகியிருந்தது. முதல் சீட்டு கைக்கு வந்ததும் தலையை வாரி, நல்ல புடவை கட்டி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பின் அறைக்குப் போனார். நாற்பத்தைந்து நிமிடம் ஒரு சத்தம் இல்லை. இரண்டு பக்கம் எழுதியிருந்தார். முதல் வரி: ‘இந்தப் பெண்ணுக்கு மிளகாய் கூடுதல்.’

இரண்டாவது வாரத்தில் எங்கள் வீடு வீடாக இல்லை, ஆசிரியர் அறையாகிவிட்டது. சண்டைகூட அதே சண்டை.

“அவனுக்கு இந்த வாரம் மூணு பீரியட், எனக்கு ரெண்டுதானா? என்ன ஓரவஞ்சனை இது?” என்று அம்மா.

“என் மூணையும் நீங்களே எடுத்துக்குங்கம்மா, காலைத் தொட்டுக் கேக்கறேன்” என்று தம்பி.

“மாத்திக்கறதுன்னா எழுத்துல குடுங்க. ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்” என்று அவள்.

“நேத்துக் கடைசி பீரியடும் நான், இன்னைக்குக் கடைசி பீரியடும் நானா? நான் லீவுக்கு வந்தேனா, ஜெயிலுக்கு வந்தேனா?” என்று மகள்.

தம்பி தந்திரசாலி ஆனான். அவள் கையில் பேனா எடுத்தாலே குளியலறைக்குள் புகுந்து தண்ணீரைத் திறந்துவிடுவான். ஒரே வாரத்தில் அவன் குளித்த குளியலுக்கு அவன் ஒரு சுற்று இளைத்துப்போனான். அவள் கதவுக்கு அடியில் சீட்டைத் தள்ளிவிட்டு, நனைந்தாலும் செல்லும் என்று அறிவித்தாள்.

நான்காவது வாரம் முடியும்போது நோட்டில் நாற்பத்தெட்டுப் பக்கம் நிறைந்திருந்தது. நாலு பேர் கையெழுத்து. அவள் கையெழுத்து ஒரு வரிகூட இல்லை. அந்த மேசை முன்னால் அவள் உட்கார்ந்தது முதல் நாள், அலமாரி இழுப்பதற்கு முன் அந்த ஐந்து நிமிடம்தான்.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். நோக்கத்துக்கு டபுள் பீரியட். அவளுக்குத் தையல்காரரிடம் போக வேண்டிய அவசரம், ஆகவே அம்மாவுக்குச் சீட்டு. மணி அடிப்பதற்காகச் செல்போன் வழக்கம்போல் மேசை மேலேயே இருந்தது. இரண்டாவது பீரியட் நடுவில் அது அலறியது. மணி என்று நினைத்து அம்மா அமுக்கினார். மணி பேசியது.

“ஹலோ, டீச்சரா?”

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் அந்தப் போன் எப்போதும் ஊருக்கே கேட்கிற சத்தத்தில் இருக்கும். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. எழுந்து போய்த் தடுத்திருக்கலாம். ஆனால் கதை என்று ஒன்று வீட்டுக்குள்ளேயே நடக்கும்போது குறுக்கே போவது எனக்குப் பழக்கமில்லை.

“டீச்சருக்கு இப்ப பீரியட் இல்ல. நான்தான் பீரியட்.”

“நீங்க யாரும்மா?”

“மாமியார். சப்ஸ்டிடியூஷன்ல வந்திருக்கேன். நீங்க?”

“நான் ஸ்கூல் செகரெட்டரி. ஹெச்.எம். விஷயமா டீச்சர் ஏதாவது முடிவு பண்ணாங்களா?”

“அதை முடிவு பண்ணத்தானே என்னை உள்ள உக்கார வெச்சிருக்கா. பண்ணியாச்சு. வருவா.”

“நிச்சயமாவா?”

“நோட்டுல ஏத்திட்டேன் தம்பி. அப்புறம் என்ன?”

“ரொம்ப சந்தோஷம்மா. போர்டு எழுதச் சொல்லிடறேன்.”

மாலையில் தையல்காரரிடமிருந்து திரும்பி வந்து நோட்டைத் திறந்தவள், நின்ற இடத்திலேயே நின்றாள். அம்மாவின் எழுத்தில் தெளிவாக இருந்தது: ‘செயலாளரிடம் சம்மதம் சொல்லப்பட்டது. பாடம் முடிந்தது.’

“அத்தை! என்ன இது?”

“போர்ஷன் முடிச்சுட்டேன்.”

“சப்ஸ்டிடியூஷன்ல போனா பிள்ளைங்க சத்தம் போடாம பாத்துக்கணும். யாராவது போர்ஷனை முடிப்பாங்களா?”

“நீ முப்பது நாளா முடிக்காம இழுத்துட்டு இருக்க. நான் ரெண்டு பீரியட்ல முடிச்சேன். இதுல யார் நல்ல டீச்சர்?”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தோம். உடனே போனை எடுத்து மறுத்துவிடுவாள் என்று மகள் சொன்னாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவள் தண்ணீர் குடித்தாள். நோட்டை மூடி வைத்தாள். “சரி, ஆனது ஆச்சு” என்றாள். சொன்ன விதத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. யாரோ ஏழு பி-க்குப் போய்விட்டார்கள், இனி அதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்கிற மாதிரி. எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது அப்போதுதான்.

சனிக்கிழமை காலையிலிருந்து வாழ்த்துப் போன்கள். பதினேழு ஆசிரியர்கள் பேசினார்கள். ஒருவர்கூட வாழ்த்தோடு நிறுத்தவில்லை.

“வாழ்த்துகள் மேடம். அப்படியே எனக்கு மத்தியானம் முதல் பீரியட் இல்லாம பாத்துக்குங்க, மாத்திரை போட்டுட்டுத் தூக்கம் வருது.”

“சந்தோஷம் டீச்சர். அந்த ஒன்பது சி-யை மட்டும் என் தலையில கட்டிடாதீங்க.”

அவள் ஒவ்வொன்றையும் பென்சிலால் குறித்துக்கொண்டாள். மதியம் பெரிய அட்டையை விரித்து, தலைமையாசிரியை ஆனபின் தன்னுடைய ஒரு நாள் எப்படி இருக்க வேண்டும் என்று கட்டம் போட ஆரம்பித்தாள். ஆய்வு, பெற்றோர் சந்திப்பு, கடிதம், ஆய்வு. மகள் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அம்மா, இதுல எந்தக் கட்டம் உனக்குப் பிடிச்சிருக்கு?”

“பிடிக்கறது என்னடி, எல்லாம் கரெக்டா உக்காருது பாரு.”

“உக்காருது. நீதான் உக்கார மாட்டேங்கற. லீவே முடிஞ்சுபோச்சு, உன் கிளாஸுக்கு நீ ஒரு தடவை கூடப் போகல. நாங்க எல்லாரும் போயிட்டு வந்தோம். உன் வாழ்க்கையில எல்லாருக்கும் அட்டெண்டன்ஸ் இருக்கு, உனக்கு மட்டும்தான் ஆப்சென்ட்.”

அவள் ரப்பரை எடுத்து, தப்பே இல்லாத ஒரு கோட்டை அழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பின் அறையில் மகள் ஏதோ புத்தகம் தேடச் சொன்னாள் என்று அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. வெளித் தாழ்ப்பாள் விழுந்தது. யார் போட்டது என்பது பற்றி வீட்டில் இன்றுவரை விசாரணை நடக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தாழ்ப்பாள் துருப்பிடித்தது, இழுத்தால் உள்ளங்கையில் கறை ஒட்டும் என்பது மட்டும் தெரியும்.

“யாரது? கதவைத் தொறங்க!”

“டபுள் பீரியட்” என்றார் அம்மா வெளியிலிருந்து.

“அத்தை, எனக்கு அடுப்புல வேலை இருக்கு!”

“அடுப்புக்கு உன் புருஷனைப் போட்டாச்சு. சீட்டுக் குடுத்துட்டோம்.”

“போனாவது குடுங்க, மணி பாக்கணும்!”

“மணி நாங்க அடிக்கறோம். நீ வெறும் மாணவி.”

கொஞ்ச நேரம் கதவு அதிர்ந்தது. அப்புறம் நாற்காலி இழுபட்டது. அலமாரியைத் திறந்திருப்பாள், ஆனால் அது ஏற்கெனவே சுத்தம். ஜன்னல் கம்பியும் சுத்தம். ஒன்றும் செய்வதற்கில்லாத ஓர் அறையில் என் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரம் அசைவே இல்லை. ஒரு முறை மூக்கைச் சிந்தும் சத்தம் வந்ததும் மகள் தாழ்ப்பாள் பக்கம் கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கொண்டார். நாங்கள் மூன்று பேரும் கதவில் காதை வைத்துக்கொண்டிருந்தோம், தம்பி கரண்டியோடு நாலாவதாக வந்து சேர்ந்தான்.

அப்புறம் பேனா ஓடும் சத்தம். நிற்காமல் ஓடியது. நடுவில் ஒரு சிரிப்பு. மறுபடி பேனா. மறுபடி சிரிப்பு, இந்த முறை வாயைப் பொத்திக்கொண்டு.

“கெட்டுது போ. மூளை கலங்கிடுச்சு” என்றான் தம்பி.

தொண்ணூறு நிமிடம் முடிந்ததும் அம்மா கரண்டியால் தட்டைத் தட்டி மணி அடித்தார். தாழ்ப்பாளைத் திறந்தோம்.

“இருங்க, இன்னும் ஒண்ணு பாக்கி” என்றாள் அவள், தலை நிமிராமல்.

மகள் நோட்டைப் பிடுங்கி உரக்க வாசித்தாள்.

‘ஒரு மாமியார் தொண்ணூறு நிமிடத்தில் ஒரு மருமகளின் எதிர்காலத்தை முடிவு செய்கிறார். அதே வேகத்தில் ஓய்வே இல்லாமல் வேலை செய்தால், நானூறு மருமகள்களின் எதிர்காலத்தை முடிவு செய்ய அவருக்கு எத்தனை நாள் ஆகும்?’

‘ஒரு நாத்தனார் ஒரு கதையை ஒவ்வொரு முறை திருப்பிச் சொல்லும்போதும் அதிலுள்ள பாம்புகள் இரட்டிப்பாகின்றன. முதல் முறை ஒரு பாம்பு. ஆறாவது முறை எத்தனை?’

‘மனைவி ஒரு சீட்டை எழுத ஒன்பது வினாடி ஆகிறது. அவள் எழுதத் தொடங்கியதும் ஓடி ஒளிய கணவனுக்கு நான்கு வினாடி போதும். கதவுக்கு அடியில் சீட்டு வருவதற்கு முன் அவன் எத்தனை வினாடி நிம்மதியாக இருந்தான்?’

இப்படி முப்பத்தொரு கணக்கு. தம்பி தன் கணக்கை மனதுக்குள் போட்டு, “அஞ்சு வினாடியா? நம்பவே முடியல, எனக்கு இன்னும் ஜாஸ்தியா இருந்த மாதிரி இருந்துது” என்றான். பாம்பு முப்பத்திரண்டு என்று நான் சொன்னதை யாரும் பாராட்டவில்லை.

“எல்லாம் ஆறாங்கிளாஸ் கணக்கு” என்றாள் அவள். கண் சிவந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. “வேலைக்குச் சேர்ந்தப்ப எனக்கு ஆறாங்கிளாஸ்தான் குடுத்தாங்க. புத்தகத்துக் கணக்கு சப்புன்னு இருக்கும், அதனால பசங்க பேரையே போட்டு நானே எழுதிட்டுப் போவேன். ரெண்டாவது வருஷமே, இவ நல்லா வேலை செய்யறான்னு தூக்கிப் பன்னண்டாங்கிளாஸ்ல போட்டாங்க. அப்புறம் பலகை. அதுக்கப்புறம் நான் ஒரு கணக்குகூடச் சொந்தமா எழுதல அண்ணி. மறந்தே போச்சு. உள்ள வேற எதுவுமே இல்ல, பேனா மட்டும் இருந்துது.”

“அப்போ என் நானூறு மருமகளுக்கு எத்தனை நாள்?” என்றார் அம்மா.

“நீங்களே போடுங்க அத்தை.”

அம்மா இரவுச் சாப்பாடுவரை விரலை மடக்கிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து நாள் என்ற விடை வந்ததும், தான் அதைவிட வேகமாகச் செய்வேன் என்று கோபித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்கு அவளோடு நானும் போனேன். தனக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று சொல்லி அம்மாவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். அலுவலக வாசலில் பெயின்டர் ஏணி மேல் உட்கார்ந்து ‘தலைமையாசிரியை’ என்பதை முடித்துவிட்டு, கீழே பெயர் எழுத வெள்ளை அடித்துக் காயவிட்டுக் கொண்டிருந்தார். அம்மாவை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு நாங்கள் உள்ளே போனோம்.

செயலாளர் எழுந்து நின்று வரவேற்றார். அவள் உட்காரவில்லை.

“சார், வெள்ளிக்கிழமை உங்களுக்குச் சொன்ன பதில் என்னோடது இல்ல. என் பீரியடுக்கு வேற ஆள் போயிருந்தாங்க.”

“தெரியும், உங்க மாமியார். ரொம்பத் தெளிவாப் பேசினாங்க.”

“சப்ஸ்டிடியூஷன்ல நடத்தின பாடம் நம்ம பள்ளிக்கூடத்துல கணக்குல சேராது சார். ரெகுலர் டீச்சர் வந்து மறுபடி நடத்தணும். நேத்து நடத்திட்டேன். எனக்கு ஹெச்.எம். வேலை வேணாம்.”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். “சரி, பலகையைப் பாத்துக்கிட்டு இருங்க.”

“பலகையும் வேணாம். ஓவிய வாத்தியார் பாத்துக்குவார். நாப்பத்து நாலு கலர் கிடையாதுன்னு அவர்தான் சொன்னார், அவரே திண்டாடட்டும். எனக்கு ஆறாங்கிளாஸ் குடுங்க. நாலு செக்‌ஷனும்.”

“டீச்சர், மேல ஏறச் சொன்னா கீழ இறங்கறேன்னு சொல்றீங்க. பன்னண்டாங்கிளாஸ் எடுத்தவங்களை ஆறாங்கிளாஸ்ல போட்டா வெளியில என்ன நினைப்பாங்க? ஏதோ தப்புப் பண்ணிட்டாங்க, தண்டனைன்னுதானே?”

“நினைக்கட்டும் சார்.”

“புதுசா வர்ற ஹெச்.எம். உங்களைவிடப் பத்து வயசு சின்னவங்களா இருப்பாங்க. அவங்க கூப்பிட்டா நீங்க எழுந்து ஓடணும். வாரம் இருபத்தெட்டு பீரியட், இத்தனை நாள் இருந்த சலுகை ஒண்ணும் கிடையாது. ஒரு வருஷம் கழிச்சு வந்து நாற்காலி வேணும்னு கேட்டாலும் கிடைக்காது. நல்லா யோசிச்சீங்களா?”

அவள் ஒரு கணம் தயங்கினாள். நான் பார்த்தேன். கை தன்னால் கைப்பைக்குள் போய்ச் சீட்டுக் கட்டைத் தேடியது. அப்புறம் வெறுங்கையாக வெளியே வந்தது.

“தொண்ணூறு நிமிஷம் யோசிச்சேன் சார். நான் மட்டும்.”

அவர் பெருமூச்சு விட்டு ஒரு தாளில் ஏதோ எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வெளியே போய்ப் பெயின்டரிடம், “பேர் இப்ப வேணாம்பா, இறங்கு” என்றார்.

நடைபாதையில் வரும்போது நான் கேட்டேன். “ஆறு வருஷம் கழிச்சு?”

“அப்பவும் ஆறாங்கிளாஸ் பசங்க இருப்பாங்க அண்ணி. பள்ளிக்கூடத்துல இல்லேன்னா தெருவுல இருப்பாங்க. அவங்களும் இல்லேன்னா நீங்க இருக்கீங்க, உங்க வீட்டுப் பாம்பு இருக்கு. எழுதிட்டே இருப்பேன்.”

ஆட்டோவில் அம்மா கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

“என்ன சொன்னாரு? எந்த ரூம் குடுத்தாங்க?”

“ஆறாங்கிளாஸ், அத்தை.”

அம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. மருமகளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஆட்டோக்காரர் காதிலும் விழும்படி, பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பிச் சொன்னார்.

“அம்பத்திரண்டு வயசுல ஃபெயிலாக்கிட்டாங்களே பாவிங்க!”

கண்ணில் நீர் வழிய அவள் சிரித்த சிரிப்பில் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பெயின்டர் பாதியில் நின்று திரும்பிப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை. நகர்ந்து அவளுக்கு இடம் விட்டு, கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

“அழாதே. ஏறு. இந்தத் தடவை நான் கூட உக்காந்து படிக்க வைக்கறேன்.”